மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது

மாமாவோடு உட்கார்ந்து படம் பார்ப்பது போல ஒரு கழுத்தறுப்பு இன்றுவரை எனக்கு வேறு வாய்க்கவில்லை. படம் ஓடும். திடீரென்று நிற்கும். மாமா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இதைப் பார்த்தியா?" என்பார். பார்த்தேன் என்று சொன்னாலும் விட மாட்டார். நாலு நொடி பின்னால் ஓட்டி மறுபடி காட்டுவார். எனக்கு அழுகையே வந்துவிடும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். சரி பண்ண யாரோ கொண்டுவந்த புரொஜெக்டர் ஒன்றைத் திரும்ப வாங்கிப் போகவே இல்லை. அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மாமா மாடியில் தியேட்டர் நடத்தினார். அப்பாவின் எட்டு முழ வேட்டிதான் திரை. கீழ்ப்பக்கம் பச்சைக் கரை ஓடும்.

முதலில் ஒரு கார்ட்டூன், அப்புறம் மெயின் படம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தியேட்டர்களில் அதுதான் வழக்கமாம். பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு குட்டிப் படம். மாமா அந்த மாதிரிக் குட்டிப் படங்களாகத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. யாருக்கும் வாயில் ஒரு வார்த்தை வராது. டிவியில் நாய், பூனை எல்லாம் அழகாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊமைகளைப் பார்க்க வேண்டியது என் தலையெழுத்து.

அவற்றில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும். ஒரு தீயணைப்பு நாய். அதனிடமிருந்து தப்பித்து ஓடும், கால் முளைத்த ஒரு சின்னத் தீச்சுடர். நாய் வாளியோடு துரத்தும். சுடர் நாயின் பூட்ஸுக்குள்ளேயே போய்ப் படுத்துத் தூங்கும். நாய் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஊற்றாது. அந்த இடத்தில் மாமா கட்டாயம் நிறுத்துவார். சுடர் மூச்சு விடுவதை ஒரு ஆள் கையால் எப்படி வரைந்திருக்கிறான் பார், அந்த மூச்சுக்கு ஒருத்தன் வயலின் வாசித்திருக்கிறான் கேள் என்பார். நாய் அப்போது என்ன சொல்கிறது என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. பேசாம பாரு."

இதுதான் பதில். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போது நானும் அந்த இடத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

கார்ட்டூன் முடிந்ததும் என்னைக் கீழே துரத்திவிடுவார். மெயின் படம் அவருக்கும் ரெட்டிபாளையத்து மாமாவுக்கும் மட்டும்தான். ரெட்டிபாளையத்து மாமா சொந்தமில்லை. அங்கே சிமென்ட் ஆலையில் வேலை பார்த்த மாமாவின் கூட்டாளி. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். தலைமுடியில் எப்போதும் லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். அவர் மாமாவை மாப்ள என்பார், மாமா அவரை மச்சான் என்பார். கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன பொல்லாத படம் பார்க்கிறார்கள் என்று நான் மாடிப்படியில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. எனக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே கிடைத்தது.

மறுநாள் உடையார்பாளையத்தில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அம்மா இரண்டு வருஷமாக அலைந்து அமைத்த இடம். மீன்சுருட்டியிலிருந்து பெரியம்மா வந்து இறங்கியிருந்தார். காரை ஓட்டிக்கொண்டு வர ரெட்டிபாளையத்து மாமாவையே அம்மா கேட்டிருந்தார். மாப்பிள்ளைக்குத் துணையாகவும் ஆச்சு, டிரைவர் பிரச்சினையும் தீர்ந்தது என்பது அம்மாவின் கணக்கு. அன்று எல்லோரையும் மாடிக்கு அழைத்து மாமா தீயணைப்பு நாயைப் போட்டார். பெரியம்மா சிரித்துப் புரையேறினார். பாதியிலேயே மாமா, கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு எல்லோருக்கும் பரோட்டா வாங்கப் போய்விட்டார். போனவர் ஒன்றை மறந்துவிட்டார். கார்ட்டூன் முடிந்தால் கம்ப்யூட்டர் தானாகவே அடுத்த படத்தை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

முதல் காட்சியிலேயே ஒரு ரயில் வந்தது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் எந்தப் படத்தில் ரயில் வந்தாலும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் ஒரு குட்டி ஸ்டேஷன். அங்கே வேலை பார்க்கும் இரண்டு ஆண்கள். என்ன பாஷை என்று தெரியவில்லை, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. மாமா பரோட்டாப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றபோது அந்த இரண்டு பேரும் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது காதல் படம். அந்த இரண்டு பேரின் காதல். இன்று எனக்குத் தெரியும். அன்று அந்த அறையில் அது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், இருவருமே வாசலில் நின்றிருந்தார்கள்.

மாமா பாய்ந்து வந்து நிறுத்தப் போனார். அப்பா விடவில்லை.

"நல்லாத்தான மாப்ள போவுது? ஓடட்டும். யாரு இவனுங்க ரெண்டு பேரும்?"

நண்பர்கள் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி, வேலைக்காரன் என்றிருக்கலாம். பதற்றத்தில் மாமாவின் வாயில் வந்தது வேறு.

"பங்காளிங்க மாமா."

போயும் போயும் அப்பாவிடம் போய் இதைச் சொன்னார். அப்பாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் மீன்சுருட்டி வயலில் வரப்புத் தகராறு. பல வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா பரோட்டாவைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அது பாகப்பிரிவினைப் படமாகிவிட்டது.

நான் இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட் எதையும் வாசிக்காமல் விட மாட்டேன். வேட்டியின் பச்சைக் கரை மேல் விழுந்த எழுத்துகளை முன்னால் போய்க் குந்திக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். 'டோன்ட் கோ' என்று வந்தது. மாமா, "உரம் வெச்சாச்சான்னு கேக்குறான்" என்றார். 'ஐ மிஸ்ட் யூ' என்று வந்தது. "நாளைக்கு அளக்க ஆள் வருதாம்" என்றார். நான் தப்பு தப்பு என்று கத்தினேன். பெரியம்மா என்னைப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். போதாததற்கு, படத்தில் அந்த இருவரும் கொஞ்சம் நெருங்கி வந்தால் போதும், மாமா ஒயரைச் சரி பண்ணுகிறேன் என்று புரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். வேட்டி முழுக்க மாமாவின் நிழல்தான் தெரியும்.

எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காலேஜ் வரை படித்து, கம்ப்யூட்டர் கடையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறார்.

"பங்காளின்னா இப்புடியா கட்டிப் புடிச்சு அழுவான்? எங்கூர்ல வரப்பைல்ல வெட்டுவான்" என்று அப்பா ஒரு இடத்தில் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ரெட்டிபாளையத்து மாமா சுவர் ஓரமாக நின்றிருந்தார். உட்காரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

கடைசியில் ஒருத்தன் ரயிலில் ஏறிவிட்டான். இன்னொருத்தன் பிளாட்பாரத்தில் நின்றான். ரயில் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது. இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. பச்சைக் கரையில் ஒரு எழுத்து கிடையாது. ஆனால் மாமா பேசினார்.

"நாளைக்கு நீ வராத மச்சான்ங்குறான். நீ பக்கத்துல இருந்தா, எனக்குச் சரின்னு சொல்ல வாய் வராதுங்குறான்."

"எங்க வராதங்குறான்?" என்றார் அப்பா.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு, மாமா."

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரும் ஒண்ணும் சொல்லல மாமா! பேசாம பாரு!" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர் ஓரத்திலிருந்து ரெட்டிபாளையத்து மாமா அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

"வருவான் மாப்ள. உள்ள வர மாட்டான், வண்டியிலயே உக்காந்திருப்பான். கையெழுத்துப் போட மனசு இல்லன்னா மத்தவன் எந்திரிச்சு வந்து ஏறிக்கட்டும். போட்டுட்டாலும் சரி, இவன் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"அவன்தான்யா மனுசன்" என்றார் அப்பா.

அம்மா வேட்டியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் மாமா வேட்டியை அவிழ்த்து மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார்.

மறுநாள் உடையார்பாளையத்துப் பெண் வீட்டில் கேசரி கொடுத்தார்கள். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். நான் இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டியபோது அந்த அக்கா காபி கொண்டுவந்தார். மாமா டம்ளரை எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க மேல ஒரு குறையும் இல்ல."

அந்த அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரெட்டிபாளையத்து மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கார் கிளம்பியது. நான்கு பேரை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற நினைப்புகூட இரண்டு பேருக்கும் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே கூச்சல். கேசரி போச்சு. கொளுத்துகிற வெயிலில் பட்டுப்பாவாடையோடு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தோம். அரியலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெரியம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தார். அப்பா கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "நேத்துப் படத்துல பங்காளியே அவ்ளோ பெருந்தன்மையா இருந்தான். அதைப் பார்த்துமா இவனுக்குப் புத்தி வரல?" என்று அங்கலாய்த்தார்.

என் பொறுமை அங்கே தீர்ந்தது. கால் வலி, பசி, பாதியில் போன கேசரி எல்லாம் சேர்ந்துகொண்டது. நடந்தது இவர்கள் யாருக்கும் புரியவில்லை, எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. பெண் வீட்டில் யாரோ மாமாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அதுதான் ஓடிவிட்டார்.

"அந்தப் படத்துல கடைசியில யாரும் ஒண்ணுமே பேசலப்பா. எழுத்தே வரல. மாமாவா சொன்னாரு அதெல்லாம். ரெட்டிபாளையத்து மாமாவும் அவராதான் சொன்னாரு" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

அம்மா சட்டென்று என்னை இழுத்து வயிற்றோடு அணைத்து வாயைப் பொத்தினார். அரியலூர் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகமெல்லாம் கண்ணீர். வெயிலில் நடக்க விட்டதற்கும் கேசரிக்கும் நான்தானே அழ வேண்டும், இவர் எதற்கு அழுகிறார் என்று முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு, பாவம், தம்பிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது இத்தனை பேருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.