சேரப்போகும் இடத்தில் கேளுங்கள்

யாங்கோனில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மழலையர் கல்வி படித்தேன். அங்கே இரண்டு வருடம் முடித்தவர்கள், பல்கலைக்கழகத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர் படிப்பில் நேராக மூன்றாம் வருடம் சேரலாம். என் ஆசை அதுதான். கற்பித்தல் பயிற்சியை அலோனில், எங்கள் வீட்டருகே உள்ள பாலர் பள்ளியிலேயே செய்தேன். கல்லூரிக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசிப் பருவத்தில் மல்லிகா அக்காவைச் சந்தையில் பார்த்தேன். எனக்கு முன்னால் இதே வழியில் பல்கலைக்கழகம் போனவர்.

"சிறப்புக் குழந்தைங்க வகுப்புல பயிற்சி செஞ்சிட்டியா, தேவி?"

"இல்லக்கா. பாலர் பள்ளியில செஞ்சேனே."

"ஐயோ, அங்க அது செல்லாதும்மா! மறுபடி முதல் வருஷத்துல போட்டுடுவாங்க."

அங்கிருந்தே எங்கள் கல்லூரி ஆசிரியைக்குப் போன் செய்தேன். அவர் விசாரித்து, இன்சீனில் ஒரு சிறப்பு வகுப்பில் இடம் வாங்கித் தந்தார்.

தினமும் ரயிலில் போனேன். அங்கே ஒரு சிறுமி மேசைக்கு அடியிலிருந்து வரவே மாட்டாள். பாடினேன், பொம்மை காட்டினேன், கெஞ்சினேன். ஒருநாள் அலுத்துப்போய், பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளாகவே வெளியே வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டாள். இப்படி ஒரு குழந்தையோடு ஒருநாள்கூட இருந்து பார்க்காமலா இந்த வேலைக்கு ஆசைப்பட்டோம் என்று அப்போதுதான் தோன்றியது.

பயிற்சியை முடித்து மூன்றாம் வருடத்தில் சேர்ந்துவிட்டேன். இப்போது கல்லூரிப் பெண்கள் யாராவது "இது போதுமாக்கா?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. சேரப்போகும் இடத்துக்கே என் எதிரில் போன் செய்யச் சொல்கிறேன். அதற்கும் முன்னால், இன்சீன் வகுப்பில் ஒருநாள் போய் உட்காரச் சொல்கிறேன்.

– தேவி, அலோன்