முதல் பிரதியில் ஆறு பக்கம்

புத்தகம் எழுத நான் பயப்படவில்லை. விற்கத்தான் பயந்தேன். அதைவிட, விற்றுவிடுமோ என்று பயந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய கிராணி சொல்வதை எழுதுவது என் வேலை. அவர் சொல்லாததை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அப்படிச் சேர்ந்தவை பதினோரு கதைகள். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தார்கள். கட்டுகளை பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அச்சகக்காரர், "அடிக்கிறது என் வேல, விக்கிறது உன் வேல. கடையில போட்டா கரையான்தான் படிக்கும்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். எங்கள் மலையில் பனி கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வரும். இரண்டே வாரத்தில் அட்டையில் பூஞ்சை. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்தாள்.

"துணி காயவே எடமில்ல. ஒங்க கதையையும் நான்தான் காயப் போடணுமா? போய் வித்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோணிப்பையில் இருபது புத்தகத்தைப் போட்டுத் தோளில் தொங்கவிட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வீட்டுக்கு வீடு கோப்பி கொடுத்தார்கள். ஒன்பது கோப்பி குடித்தேன். ஒரு புத்தகமும் போகவில்லை. "சினிமாப் பாட்டு இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் இன்னொரு கோப்பி கொடுத்தார்கள், துக்க வீட்டில் கொடுப்பதுபோல.

அடுத்த ஞாயிறு பேச்சை மாற்றினேன். "நம்ம எஸ்டேட்டு ஆளுங்க எல்லாரும் இதுல இருக்காங்க" என்று முதல் வீட்டில் சொன்னேன். ஆறாவது வீட்டில் பை காலி. கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா பக்கம் பக்கமாகத் தன்னைத் தேடி, கடைசியில் ஒரு சண்டைக்காரியைக் கண்டுபிடித்து, "இது நான்தானே?" என்று பெருமையாகக் கேட்டாள். அவளை நினைத்து நான் எழுதவே இல்லை. "ஆமாக்கா" என்றேன். வியாபாரம் அப்படித்தான்.

வீட்டுக்கு ஏறி வரும்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. எல்லாரும் என்றால் பெரிய கிராணியும்தானே?

அவர் இருந்தார். முப்பத்தேழாம் பக்கத்தில் தொடங்கி ஆறு பக்கம் இருந்தார். ஒரு மழை நாளில் தோட்டத்துத் துரையின் நாய் தேயிலை மலைக்கு வந்தது. பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்க, பெரிய கிராணி தான் நனைந்துகொண்டே நாய்க்குக் குடை பிடித்து நடந்தார். நான் கண்ணால் பார்த்தது. கதையில் அவருடைய மீசையை மட்டும் எடுத்துவிட்டு, முகத்தை என் முகம்போல வழுவழுவென்று ஆக்கியிருந்தேன். நான் செய்த மறைப்பு அது ஒன்றுதான்.

வேலை போனால் வீடும் போகும். லாரி வந்து நிற்கும். கட்டில், சட்டி, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோய் ரிங்லெட் கடைத்தெருவில் இறக்கிவிட்டுத் திரும்பும். அப்படி இறங்கிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

திங்கட்கிழமை பெரிய கிராணி மேசையிலிருந்து தலை தூக்காமல் கேட்டார். "எல்லாரும் இருக்காங்களாமே தம்பி. நானும் இருக்கேனா?"

"நீங்க இல்லாம எஸ்டேட்டாய்யா?" என்றது என் வாய். அது எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் அவர் நாற்காலி கிரீச்சிட்டபோதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வாரமே கோயில் தலைவர் வந்தார். புத்தகத்தைக் கோயில் மண்டபத்தில் வெளியீடு செய்யலாம் என்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, முதல் பிரதியை ஊரில் பெரிய மனிதர் ஒருவர் மேடையில் மாலையோடு வாங்கவேண்டும். "நம்ம பெரிய கிராணிதான். கேட்டேன், ஒத்துக்கிட்டாரு."

"வேற யாரையாச்சும்..."

"ஏன், அவருக்கு என்ன கொறச்சல்?" என்று தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வரேன், படிச்சுட்டு நாலு வார்த்தையும் சொல்றேன்னாரு மனுஷன்."

படித்துவிட்டுச் சொல்வாராம். வெளியீட்டுக்கு முந்தின நாள் ஒரு யோசனை வந்தது. பெருமைப்பட்டுக்கொள்கிற யோசனை இல்லை. சவர பிளேடை எடுத்து, முதல் பிரதியாகப் போகிற புத்தகத்தில் மூன்று தாளைத் தையலோரமாக அறுத்தேன். பார்த்தால் தெரியாது. மினுமினுப்புத் தாளில் சுற்றி, அறுத்த தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்னங்க செய்றீங்க?"

"நம்ம வீட்டக் காப்பாத்துறேன்."

"சவரம் பண்ணியா?" என்றாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. தகரக் கூரைமேல் மழை. மாலை போட்டு, பிரதியைக் கொடுத்தேன். நான் தலை நிமிராததைச் சபை பணிவு என்று எடுத்துக்கொண்டது. பெரிய கிராணி தாளைப் பிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆபீசுக்கு எந்தப் புதுப் பதிவேடு வந்தாலும் அவர் ஒரு தாள் விடாமல் பக்க எண்களைச் சரிபார்த்து, முதல் பக்கத்தில் 'பக்கங்கள் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகுதான் அதில் ஒரு கோடு விழும். வருடத்துக்கு எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பேனா எடுத்துக் கொடுத்தவன் நான். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தலைவர் மைக்கில் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பெரிய கிராணி தாள்களைத் தள்ளிக்கொண்டே போனார். விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடியும் நின்றது.

"முப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்து மூணு" என்றார் என்னிடம், மெதுவாக.

"அச்சகத்துல தவறியிருக்கும்யா."

தையலோரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த அந்தச் சண்டைக்கார அக்காவிடம் கை நீட்டினார். அவளும் தன் பிரதியைச் சந்தோஷமாகக் கொடுத்தாள்.

மேடையிலேயே படித்தார். ஆறு பக்கம். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, மீசைகூட. கதவு எத்தனை எட்டில் இருக்கிறது என்று பார்த்தேன். லாரியின் சத்தம் காதில் கேட்டது. நிஜமாகவே தூரத்தில் ஏதோ லாரிதான்.

தலைவர் பேச அழைத்தார். பெரிய கிராணி எழுந்தார்.

"கத நல்லாருக்கு. ஒரே ஒரு தப்பு. கொட கறுப்புன்னு எழுதியிருக்காரு. கறுப்பு இல்ல, பூப்போட்டது. தொரைசானியோடது."

உட்கார்ந்துவிட்டார். யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். அன்று இரவு மனைவி சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்தாள். லாரி வந்தால் ஏற்ற வசதியாக.

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் கை நீட்டினார். "அந்த ஆறு பக்கம்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பசையை எடுத்து, வரிசை மாறாமல் ஒவ்வொரு தாளாக ஒட்டினார். முதல் பக்கத்தில் 'பக்கங்கள் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"அந்த நாய்க்கு அன்னிக்கு ஜொரம். நனைஞ்சு செத்திருந்தா எனக்கும் லாரிதான் வந்திருக்கும். அத எழுதலியே நீ" என்றார். மூலையிலிருந்து குடையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இனிமே நீதான்."

புதன்கிழமை மழை. துரை முன்னால் நடக்க, நான் நனைந்துகொண்டு நாய்க்குக் குடை பிடித்தேன். நாய் என்னைவிடக் கனம், பல்லும் அதிகம். குடை கொஞ்சம் விலகினால் நின்று என்னை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன்.

தேயிலைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, மீச இல்லாத கிராணி நீங்கதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

நிரை முழுவதும் தலைகள் நிமிர்ந்தன. என் வழுவழுப்பான முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்தது. கொஞ்ச தூரத்தில் பெரிய கிராணி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா, நான்தான்" என்றேன்.

அந்த வாரம் கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகங்களில் பாதி விற்றுப்போய்விட்டது. மனைவி சட்டிகளை மட்டும் பிரித்து வைக்கவில்லை. குழந்தை பிறந்து தவழும்வரை அவை அப்படியே ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன.