அம்மாவுக்குப் பிடிக்காத கிறிஸ்துமஸ் பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் எனக்கு அது மெதுவாகப் போக வேண்டும். நான்கு விதமான குரல்கள், பின்னால் ஒரு ஆர்கன், அவ்வளவு போதும். கைதட்டினால் எனக்கு ஆகாது. சினிமா என்று வந்தால் விஷயமே வேறு. பண்டிகையன்று வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஏசி தியேட்டரில் காலை மடக்கி உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்க வேண்டும். காலையில் சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு பாமாலைப் பாட்டு பாடுகிறவள் மத்தியானம் பேயைப் பார்த்து அலறுவது எப்படி என்று என் கணவர் கேட்பார். எனக்கும் தெரியாது. இரண்டும் பிடித்திருக்கிறது.

பேய்ப் பட ஆசை திருப்பதியில் லேப் டெக்னீஷியன் படித்தபோது ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. பாட்டு, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடமிருந்து வந்தது. நைனா சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆலையில் நாளெல்லாம் தெலுங்கு. வீட்டிலும் கோயிலிலும் தமிழ். கோயில் என்று நாங்கள் சொல்வது மிஷன் காலத்தில் கட்டிய எங்கள் தேவாலயத்தை. ஞாயிற்றுக்கிழமை அங்கே முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. தமிழ்ப் பாடகர் குழுவில் நைனாவுக்கு ஆண்களின் அடிக்குரலான பேஸ். அதே குழுவில் அம்மா ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஹாலில் பாமாலைப் பாட்டுகள்தான் ஓடும். முதலில் கேசட், அப்புறம் சிடி, கடைசியில் பென் டிரைவ். சினிமா அந்த மாதம் முழுக்கக் கிடையாது. "மத்த மாசமெல்லாம் இருக்குதே, அப்போ பாத்துக்கோ" என்பார் நைனா. மற்ற மாதங்களில் அவர் எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனதும் இல்லை.

அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. வீட்டில் ஒரு பாட்டு ஓடினால் அது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பிடித்த பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது நைனா இறந்துபோனார். நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள்; வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த வருட டிசம்பரில் அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று லீவு போட்டுவிட்டு திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போனேன். பையில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் எடுத்துப் போனேன். நைனாவின் பென் டிரைவ் டிவி ஸ்டாண்டில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா சமையல்கட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் ஹாலில் பாட்டைப் போட்டேன்.

அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். வாசற்படியில் நின்று பாதிப் பாட்டு கேட்டாள்.

"அத நிறுத்துடி" என்றாள்.

அழப் போகிறாள் என்று நினைத்து உடனே நிறுத்தினேன். "நைனா ஞாபகம் வந்துடுச்சாம்மா?"

"ஞாபகம் வராம இன்னா? ஆனா எனுக்கு இந்தப் பாட்டெல்லாம் புடிக்காது. எப்பவுமே புடிக்காது. இழுத்துக்கினே போவுது, எப்போ முடியும்னு இருக்குது."

"இத்தினி வருஷமா ஆல்டோ பாடினியே?"

"பாடுனேன். நல்லாத்தான் பாடுனேன். பாடறது வேற, புடிக்கறது வேற." பிறகு என் போனைக் கண்ணால் காட்டினாள். "தெலுங்குல டப்பு அடிச்சிக்கினு பாடுவாங்களே, அதுல ஒண்ணு போடு."

போட்டேன். அம்மா உள்ளே போய் மறுபடியும் மாவு பிசைய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மாவை அவள் தட்டுகிற சத்தமும் டப்பு மேளச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நைனாவின் நாற்காலியில் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.  துக்கத்தில் இருக்கிறாள், ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கேரல் குழு வந்தது. எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் முதல் வீடு எங்களுடையதுதான். விளக்கு வைக்கிற நேரத்துக்கே வந்துவிடுவார்கள். அந்த வருடம் எங்கள் வாசலில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரமும் சுடவில்லை. துக்கம் நடந்த வீட்டில், இறந்தவருக்குப் பிடித்த பாட்டை முதலில் பாடுவது எங்கள் சபை வழக்கம். குழுத் தலைவர் நைனாவிடம் பேஸ் பழகியவர். பாட்டு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணனுக்குப் புடிச்சதையே பாடிடறோம்."

"அவருக்குப் பாடினதெல்லாம் போதும் தம்பி" என்றாள் அம்மா. "அவரு இருக்கற எடத்துல இதவிட நல்லா பாடறவங்க இருப்பாங்க. நீங்க எனுக்கு ஒரு தெலுங்குப் பாட்டு பாடுங்க. வேகமா."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பின்வரிசையில் நின்ற இளவட்டங்களுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவன் கிடாரை எடுத்தான். டப்பு இல்லை என்று, எங்கள் குழாயடியில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து இன்னொருவன் தட்டினான். தமிழ்க் குழுவாக இருந்தாலும் அந்தப் பாட்டு தெரியாதவர் யாரும் இல்லை. சித்தூரில் வளர்ந்துவிட்டு எப்படித் தெரியாமல் போகும்? அம்மா நடுவில் நின்று கைதட்டினாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் பேக்கரி கேக் கொடுத்து அனுப்பினாள்.

கதவைச் சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பண்ற நீ? நைனா போயி ஒரு வருஷம் கூட ஆவல. அவருக்குன்னு ஒரு பாட்டு பாட வந்தாங்க, அதக்கூட வாணாம்னு சொல்லிட்டியே. அவரு பாட்டு புடிக்காதுன்னு ஊருக்கே சொல்லணுமா?"

அம்மா பேப்பர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"உங்க நைனாவுக்குத் தெரியும்" என்றாள். "கல்யாணமாயி வந்த மொத கிறிஸ்மஸ்லயே சொல்லிட்டேன். எனுக்கு இது தூக்கம் வருதுன்னு. சிரிச்சாரு. அப்புறம் போயி ஒரு ரேடியோ வாங்கிக்கினு வந்து சமையல்கட்டுல வச்சாரு. நீ உன்னுத கேளு, நான் என்னுத கேக்கறேன்னாரு."

அந்த ரேடியோ எனக்குத் தெரியும். அம்மா செய்தி கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். டிசம்பரில் சமையல்கட்டுக் கதவு சாத்தியே இருக்கும். பலகாரம் சுடுகிற எண்ணெய்ப் புகை ஹாலுக்கு வராமலிருக்க நைனா சாத்துகிறார் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அது பொகைக்கு இல்லடி. ரெண்டு பாட்டும் மோதிக்காம இருக்க."

"அப்போ கோயில்ல ஏன் அதையே பாடின?"

"பக்கத்துல நின்னு நான் சரியா எடுத்தேன்னா உங்க நைனா மூஞ்சியப் பாத்திருக்கியா? அதுக்குப் பாடுனேன்." அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இப்போ அந்தப் பாட்டு கேட்டா பக்கத்துல ஆளு இல்லன்றது மட்டும்தான் தெரியுது. பாட்டும் புடிக்கல, ஆளும் இல்ல. எதுக்கு அத நான் கேக்கணும்? சொல்லு."

 அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மீதி கேக்கை நகர்த்தி வைத்து, "துன்னு" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் நானும் கூப்பிட வந்த கணவரும் அவளைத் திருப்பதிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். என் கணவர் நகரிக்காரர். விசைத்தறி வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம், இந்துக்கள். அவருக்குப் பண்டிகைப் படம் என்றால் பொங்கலன்று டிவியில் போடுகிற பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம்தான். வசனமெல்லாம் மனப்பாடம், நடிகருக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். கிறிஸ்துமஸ் அவருக்குச் சாப்பிட்டுத் தூங்குகிற நாள். அன்றும் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தார்.

"சினிமாவுக்குப் போலாமா?" என்று கேட்டாள் அம்மா.

கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் சந்தோஷமாக போனை எடுத்து, என்ன பேய்ப் படம் ஓடுகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

"அது வாணாம். சந்திரகிரி தாண்டி வரசொல்ல செவுத்துல போஸ்டர் பாத்தேனே, அருவா எடுத்துக்கினு ஒருத்தன் நிக்கறான், அது."

"அத்தை, அது ஃபுல்லா வெட்டு குத்து" என்றார் கணவர்.

"தெரியுது மாப்பிள. அதுக்குத்தான் கேக்கறேன்."

தியேட்டர் நிறைந்திருந்தது. கதாநாயகன் ஜீப்பிலிருந்து காலை வெளியே வைத்ததுமே விசில் பறந்தது; கிழித்த பேப்பர் எங்கள் தலையிலெல்லாம் கொட்டியது. அம்மா பைபிள் வைத்திருந்த கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காதல் பாட்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை ஆரம்பித்தால் விழித்துக்கொண்டாள். வில்லனின் ஆள் ஒருவன் லாரிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தபோது, "இன்னும் ரெண்டு போடணும் அவன" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். எனக்குப் படம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காது வலித்தது. ஆனால் நான் திரையைவிட அவளைத்தான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் பஃப்ஸ் வாங்க நின்ற வரிசையில் எங்கள் சபைப் போதகரின் மனைவி இருந்தார். அம்மாவும் அவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் காலையில்தான் கோயிலில் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டவர்கள்.

"ஐயரும் வந்திருக்காரா?" என்று அம்மா கேட்டாள். போதகரை நாங்கள் ஐயர் என்போம்.

"அவரு இங்க என் தங்கச்சி வூட்டுல தூங்கறாரு. பசங்க கூப்ட்டாங்கன்னு வந்தேன்." சுற்றிலும் பசங்கள் யாரும் இல்லை.

"நானும் பொண்ணு கூப்ட்டான்னுதான் வந்தேன்" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தச் சந்திப்பைப் பற்றி இரண்டு பேரும் இன்றுவரை கோயிலில் மூச்சு விட்டதில்லை.

புது வருடம் பிறந்ததும் அம்மா தெலுங்கு ஆராதனைக்கு மாறிவிட்டாள். அங்கே கீபோர்டும் டிரம்ஸும் உண்டு. தமிழ்ப் பாடகர் குழுவில் ஏற்கெனவே ஆள் குறைவு. தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டுப் பார்த்தார். "ஆல்டோவுக்கு என் பொண்ண வச்சிக்கோ தம்பி, அவளுக்குத்தான் அந்தப் பாட்டு மேல உசுரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்படித்தான் நவம்பர், டிசம்பர் மாத ஞாயிறுகளில் நான் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துப் போய் அம்மா நின்ற இடத்தில் நின்று பாடுகிறேன். என் குரல் அவள் குரல் அளவுக்கு இல்லை. தலைவர் பெரிய மனதோடு ஒன்றும் சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பாட்டுகள் நடுவில் நிற்கிறேன், அது போதும். நாங்கள் பாடி முடித்து வெளியே வரும்போது அம்மா அடுத்த ஆராதனைக்கு உள்ளே போவாள். வாசலில் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு என் முறை என்று சொல்லி அவளைப் பேய்ப் படத்துக்குக் கூட்டிப் போனேன். கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. "பயந்துக்கினு உக்கார்றதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்று எழுந்து போனவள், படம் முடிகிற வரைக்கும் பாப்கார்ன் விற்கிற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நாயுடுபேட்டையிலிருந்து வந்து வேலை பார்க்கிறாள் என்பது முதல் அவளுக்கு எப்போது கல்யாணம் என்பது வரை காரில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்குச் சண்டையே வேண்டாம் என்று, ஒரே கட்டிடத்தில் பல திரைகள் இருக்கிற தியேட்டராகப் பார்த்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிற இரண்டு படங்களுக்கு டிக்கெட் எடுத்தோம். அம்மா ஒன்றில், நான் ஒன்றில். அத்தைக்குத் துணை வேண்டும் என்று கணவர் அவளோடு போய்விட்டார். அவருக்கும் அந்த வெட்டு குத்து பிடித்துப்போய்விட்டது என்பது என் சந்தேகம்.

அவர்களுக்கு இடைவேளை கொஞ்சம் முன்னாலேயே விட்டிருந்தார்கள். நான் வெளியே வந்தபோது அம்மா தூணருகில் நின்று, எனக்கென்று பாதி பஃப்ஸை டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். அவள் படத்துக்கு உள்ளே மணி அடித்துவிட்டது.

"உன் பேய் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல."

"என்னுதுல அதுக்குள்ள ஒரு லாரி ஆளுங்க செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பஃப்ஸை என் கையில் திணித்துவிட்டு வேகமாக உள்ளே போனாள்.