தொலைபேசி பழுதான கோடை

கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டத் தொடங்கினால் என் வாய் சும்மா இருக்காது. இங்கிலாந்தில் நான் வளர்ந்த சின்னக் கடற்கரை ஊரைப் பற்றி அளக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரே ஒரு கடைத்தெரு, வினாகிரி ஊற்றிய சிப்ஸ், கூரையில் இருந்து எங்களைத் திட்டும் கடற்காகங்கள். என் பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அம்மா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார்.

எனக்கு ஏழு வயதில் வந்த கோடைதான் எல்லாவற்றிலும் இனியது. அந்த ஊரில் நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். அம்மாவுக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் அப்பா, வீட்டுத் தொலைபேசி பழுதாகிவிட்டது, திருத்த ஆட்கள் வர நாளாகும் என்றார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்கு மாறிக்கொண்டு, காலையில் கொஞ்சம் படுத்து எழும்பியதும் அம்மாவையும் என்னையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, தினமும். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மனிதர், நான் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. யாழ்ப்பாணத்தில் இருந்த மாமா, அவருடைய ஒரே தம்பி, கொழும்புக்கு வந்ததும் பேசுவதாகக் கடிதம் போட்டிருந்தார். "அவன் எடுத்து எடுத்துப் பாத்திருப்பான், பாவம்" என்று அம்மா நாளுக்குப் பத்துத் தடவை சொன்னார். அப்பா ஒவ்வொரு தடவையும் எழுந்து ஜன்னலைத் திறந்தார், அல்லது மூடினார்.

ஒரு காலை, அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சோபாவுக்குப் பின்னால் உருண்ட பந்தை எடுக்கப் போனேன். தொலைபேசி வயர் சுவரில் இருந்து கழன்று கிடந்தது. பிடித்துச் செருகினேன். கம்பெனிக்காரரால் முடியாததை நான் செய்துவிட்ட பெருமையில் அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அம்மா வந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

அழைத்தவர் ஜெர்மனியில் இருந்த தூரத்து உறவு அன்ரி ஒருவர். துக்கம் விசாரிக்க எடுத்திருக்கிறார். மாமா கொழும்புக்குப் புறப்பட்ட வழியிலேயே போரில் செல் குண்டு விழுந்து செத்துப்போனதும், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று அப்பா அதை மறைத்து வைத்திருந்ததும் அவருக்குத் தெரியாது. எனக்கும் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டது, அம்மா சோபாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் ஓம் என்று தலையாட்டியதும், எப்ப என்று கேட்டதும்தான். பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, வயரைத் தானே பிடுங்கிவிட்டார்.

"நீ வயரைப் பூட்டினதை அப்பாட்டைச் சொல்லாதை. அவர் எனக்காகப் படாத பாடு படுறார்."

அப்பா எழும்பியதும் அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார். அடுத்த நாளும் கிளம்பினார். இடையிடையே, தம்பி எடுத்து எடுத்துப் பார்த்திருப்பான் என்று முன்போலவே சொல்லவும் செய்தார். அம்மா ஏதோ விளையாட்டு விளையாடுகிறார், அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் எனக்குத் தம்பி பிறந்தான். இனியும் மறைக்க முடியாது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று தொண்டையைக் கனைத்தார். கடைசியில், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்போம் என்று மட்டும் கேட்டார்.

"என்ரை தம்பியின்ரை பேரையே வைப்பம்" என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை. அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவும் அழுதார்.

அந்தப் பெயர் இருவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான், என் வகுப்பு வெள்ளைக்காரப் பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.