வராத நஷ்டத்துக்கு ஒதுக்கியவர்

“வேண்டாம், நாளைக்கு” என்று கெர்லிண்டே ஹாஃப்னர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். பிறந்தநாளுக்கு முதல் நாளே வாழ்த்த வந்த விற்பனைப் பிரிவுக்காரர், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொள்கிறார். முன்கூட்டி வாழ்த்துவது கெட்ட சகுனம் என்று எங்கள் ஊரில் எல்லோருமே நம்புகிறோம். ஆனால் நாங்கள் அஞ்சுவது சகுனத்துக்கு. கெர்லிண்டேவுக்கு அது தொழில். “ராத்திரி முழுசா பாக்கி இருக்கு. வயசு ஆகட்டும், அப்புறம் சொல்லுங்க.”

ஜெர்மனியில் நெக்கர் நதிக்கரையில் இருக்கும் எங்கள் வால்வுத் தொழிற்சாலையின் கணக்காளர் அவர். லாபம் கைக்கு வந்த பிறகுதான் லாபம். நஷ்டமோ தூரத்தில் வாசனை அடித்தாலே நஷ்டம். ஜெர்மன் கணக்கியலின் இந்தப் பழைய விதியை மற்றவர்கள் பரீட்சைக்குப் படித்து மறந்தார்கள். இவர் அதற்கு வாழ்க்கைப்பட்டுவிட்டார். அண்ணன் மகள் கர்ப்பம் என்றபோது, “குழந்தை அழட்டும், சந்தோஷப்படுறேன்” என்றார். ஒருமுறை அவருடைய முதுகில் ஒரு மச்சம் கறுத்திருந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே கோடை விடுமுறைக்குப் போட்டிருந்த அறையை ரத்து செய்துவிட்டார். மச்சம் வெறும் மச்சம்தான். விடுமுறை போனது போனதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், “குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்பார். அவர் அளவில் அது ஆனந்தக் கூத்து.

பழைய முதலாளி ஓட்மார் கைஸ் இருந்தவரை, ஒவ்வொரு நல்ல வருடத்திலும் லாபத்தில் கொஞ்சம் கிள்ளி ஒதுக்கி வைப்பார் கெர்லிண்டே. வெடிக்கக்கூடிய கொதிகலனுக்கு, ஒழுகக்கூடிய கூரைக்கு, திவாலாகக்கூடிய வாடிக்கையாளருக்கு. எங்கள் சட்டம் அன்று இதைக் கண்டும் காணாமல் சிரித்தது.

“ஹாஃப்னர் அம்மா, நாம என்னைக்குத்தான் பணக்காரங்க ஆவோம்?” என்று கைஸ் கெஞ்சுவார்.

“நீங்க போனப்புறம் தெரியும்.”

நல்ல வருடத்துக்குக் கந்தல் உடுத்திக் காட்டுவதும் பொய்தான், பணிவான பொய். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகிச் சில வருடம் கழித்து ஆர்டர்கள் வற்றியபோது, அந்தப் பொய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சம்பளம் கொடுத்தார். ஒரு தொழிலாளிகூட வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. பித்தளை வார்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஆய்கனும் தப்பினார். உருகிய பித்தளையை அச்சில் ஊற்றுவதைத் தவிர ஆய்கனுக்கு உலகில் வேறெதுவும் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

கைஸ் போனார். வாரிசுகளுக்குத் தாங்கள் பணக்காரர்கள் என்பது தெரிந்தது. தொழிற்சாலையை, பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றார்கள். அதற்குள் ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்ட குழுமங்களுக்கு ஒரே கணக்கு முறை வந்துவிட்டது. ஹெல்சின்கியில் இருப்பவரும் ஏதென்ஸில் இருப்பவரும் ஒரே பக்கத்தைப் படித்து ஒரே பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனை. பீர்க் கடையில் அதற்காக நான் தொண்டை வற்ற வாதாடியிருக்கிறேன்.

லிஸ்பனிலிருந்து ருய் என்ற தணிக்கையாளர் வந்தார். மரியாதையானவர்.

“இது எந்த நஷ்டத்துக்கும்மா?”

“இன்னும் வராததுக்கு.”

“எப்ப வரும்?”

“தெரிஞ்சா எதுக்கு ஒதுக்குறேன்? வாசல்லயே நின்னு துரத்திவிட மாட்டேனா?”

ருய் சிரித்துவிட்டார். “புது முறைல, நடந்த விஷயத்துக்குத்தாம்மா ஒதுக்கலாம். வந்துடுமோங்கிற பயத்துக்கு ஒதுக்கக் கூடாது.”

“பயம் மட்டும் நடக்காத விஷயமா? எனக்கு வருஷா வருஷம் நடக்குது.”

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆய்கன் கெர்லிண்டே பக்கம் சாய்ந்தார். “அக்கா, ஒண்ணு ரெண்ட உள்ளயே வெச்சுக்கயேன். அந்த ஆளுக்கு எங்க தெரியப்போகுது?”

“கேட்டா சொல்லணும்டா.”

“கேக்கலன்னா?”

“கேட்டுட்டாரே.”

எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். சேமித்த பயங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டு லாபமாகி, மேலே தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குழுமத்திலேயே சிறந்த ஆலை என்று எங்களுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை வந்தது. கெர்லிண்டே அதைத் துடைப்பங்கள் வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். “லாபம்னா எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க” என்றார். யாரும் காட்டவில்லை.

வராதது அதற்கடுத்த குளிர்காலத்தில் வந்தது. அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடன் கட்டவில்லையாம். இங்கே எங்கள் வால்வுகளை வாங்க ஆளில்லை. ஆர்டர்கள் பாதியாகின. எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று தலைமையகம் தொலைபேசியில் கேட்டது. “போன வருஷம் கேட்டிருந்தா ரெண்டு வருஷம்னு சொல்லியிருப்பேன்” என்றார். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வசந்தத்தோடு வார்ப்புக் கூடத்தை மூடுவதென்று முடிவாகி, தொழிலாளர்களைக் கூட்டிவைத்து அறிவித்தார்கள்.

மறுநாள் காலை ருய் தொலைபேசியில் அழைத்தார். நான் எதிர் மேசையில் இருந்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் கெர்லிண்டே பேசுவார்.

“முடிவை அறிவிச்சாச்சு இல்லையாம்மா... அதனால இப்ப ஒதுக்கணும். வேலை போறவங்களுக்கான தொகை மொத்தமும்.”

“இப்ப ஒதுக்கலாமா?”

“கட்டாயம் ஒதுக்கணும்மா. மன்னிச்சுடுங்க.”

“எதுக்கு? உங்க கணக்கு சரியாத்தானே இருக்கு, ருய்.”

“சரியாத்தாம்மா இருக்கு” என்றார் அவர். யாரோ அவரைத் திட்டியதைப் போலிருந்தது குரல்.

துயரம் உறுதியாகிவிட்டதால் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. கெர்லிண்டே மதியம்வரை தலை நிமிராமல் பெயர் பெயராகக் கணக்கிட்டார். தம்பியின் பெயர் வந்த இடத்தில் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று பருப்பும் நூலாகப் பிழிந்து வேகவைத்த மாவும், கூடவே இரண்டு தொத்திறைச்சியும். ஆய்கன் எதிரில் உட்கார்ந்திருந்தார். தீக்காயத் தழும்புகள் ஏறிய இரண்டு கைகளும் தட்டின் இருபுறமும் சும்மா கிடந்தன.

“அக்கா, நீ இவ்வளவு கணக்குப் பாக்குறவ. ஏதாச்சும் ஒரு வழி பாத்து வெச்சிருப்பியே?”

கெர்லிண்டே தம்பியின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கத்தியை எடுத்து, தொத்திறைச்சி இரண்டையும், பல் முளைக்காத குழந்தைக்கு நறுக்குவதுபோல் பொடிப்பொடியாக நறுக்கத் தொடங்கினார். தலை நரைத்த அந்த மனிதர் தடுக்கவில்லை. தட்டு திரும்பி வரும்வரை காத்திருந்தார்.