எட்டு அமுங்காத போன்

தொலைபேசி லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் என்னைக் கூப்பிடுகிற வீடு ஒன்று இருந்தது. குற்றாலத்தில் தங்கப்பழம் அண்ணாச்சி வீடு. மலையடிவாரம், செல்போனில் சிக்னல் நிற்காது. சாரல் காலத்தில் அங்கே உப்பு முதல் தலையணை வரை ஈரம். புதிதாக வாங்கிய லேண்ட்லைன் போன் எதுவும் ஒரு சீசனைத் தாண்டியதில்லை.

அன்றைக்கு மூன்றாவது போனைக் காட்டினார். "எட்டு மட்டும் அமுங்க மாட்டேங்கு வே. எட்டு இல்லாத நம்பருக்காப் பாத்துப் பேசிக்கிடுதேன்."

நான் அதைக் கையில் எடுப்பதற்குள் அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. அவர் மனைவி செல்லம்மாள் மதினி நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. அண்ணாச்சி ஓடிவந்து ஒன்றை அழுத்தினார், பூஜ்யத்தை அழுத்தினார். கை நின்றுவிட்டது.

"நூத்தியெட்டுலயும் எட்டு இருக்கே வே!"

ரிசீவரை நான் வாங்கினேன். ரிசீவர் உட்காரும் ஹூக்கைத் தட்டினால், தட்டுகிற எண்ணிக்கையை எக்சேஞ்ச் நம்பராக எடுத்துக்கொள்ளும். டயல் கெட்டால் நாங்கள் செய்கிற வேலை. ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்துப் பத்துத் தட்டு, அது பூஜ்யம். பிறகு எட்டு. அவசரத்தில் எட்டு ஒன்பதாகிவிட்டது. நம்பரைச் சரிபார்க்கச் சொன்னது ஒரு பெண்குரல். மறுபடி தட்டினேன். ஆம்புலன்ஸ் வந்தது. மதினி பிழைத்தார்.

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி சொன்னார்: "பழைய போனா ஒண்ணு பாத்துக் குடும் வே."

பாவூர்சத்திரம் பழைய சாமான் கடையில் தேடினேன். அங்கே கிடந்தவை எல்லாம் சீக்கிரமே கெட்டுப்போன புதுப் போன்கள். கடைசியில் கடையநல்லூர் பாத்திமா நினைவுக்கு வந்தார். அவர் கணவர் துபாய்க்குப் போனபோது அந்த வீட்டுக்கு லைன் இழுத்தவன் நான். கனெக்‌ஷன் போய் வெகுகாலம் ஆகியும், வட்ட டயல் வைத்த கறுப்பு போனைத் துடைத்து வைத்திருந்தார்.

"தர மாட்டேன் அண்ணே. அவுஹ துபாய்ல இருந்து பேசுனதெல்லாம் இதுலதான். இப்ப வீடியோல மூஞ்சியக் காட்டுதாஹ. பேச்சு கொறஞ்சு போச்சு."

நடந்ததைச் சொன்னேன். போனை எடுத்து இன்னொரு முறை துடைத்தார்.

"கொண்டு போங்க. சும்மா அழகுக்கு வச்சா திருப்பி வாங்கிருவேன்."

அண்ணாச்சி வீட்டில் அதை மாட்டும்போது வயரை மட்டும் மாற்றினேன். வேறு வேலை இல்லை.

யார் போன் வாங்கினாலும் இப்போது சொல்வேன்: ஹலோ கேட்டதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள், எல்லா நம்பரையும் போட்டுப் பாருங்கள்.

நன்றி சொல்ல மதினி அந்தப் போனிலிருந்து பாத்திமாவின் செல்போனுக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் அண்ணாச்சியிடமிருந்து புகார் வந்தது.

"எப்பவும் எங்கேஜ்டாவே இருக்கு வே. ஒம்ம மதினி கடையநல்லூர்க்காரிகிட்டதான் பேசுதா."

அதைச் சரிசெய்ய நான் போகவில்லை.