ஒன்பதாவது ஷரத்து

லோர்னா டெஸ்மர் எதற்கும் முகம் சுளிக்கிறவள் அல்ல. அப்பாவின் பால்பண்ணையில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, ஈனத் திணறும் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, கன்றின் காலைத் தேடிப் பிடித்து இழுத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு வந்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பிறகும் அவள் ஆராய்ச்சி சாணியை விட்டு நகரவில்லை. மாட்டுச் சாணியில் முட்டையிடும் ஈக்கள்தான் அவளுடைய பாடம். வாளி வாளியாகச் சாணி சுமந்து வந்து புழுக்களைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே மேஜையின் மறுமூலையில் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டி தின்பாள். யாராவது மூக்கைப் பொத்தினால், "கையைக் கழுவிட்டேன்" என்பாள். குமட்டல் என்றால் என்னவென்று அவள் தெரிந்துகொண்டது முப்பதை நெருங்கும்போதுதான்.

ஆய்வு மாணவர்களின் யூனியனில் அவள் சேர்ந்ததில் கொள்கை எதுவும் இல்லை. டெக்லன் ரோர்க் என்று ஒருவன். வரலாற்றுத் துறையில் ஆய்வு மாணவன், யூனியனின் தலைவன். பனி கொட்டிய ஒரு நாள் அவளுடைய ஆய்வகத்துக்குள் வந்து உறுப்பினர் அட்டையை நீட்டினான். வகுப்பு எடுப்பது நாம், விடைத்தாள் திருத்துவது நாம், ராப்பகலாக ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டு அழுவது நாம், ஆனால் நம்மை வேலை செய்கிறவர்கள் என்று சொல்ல மட்டும் நிர்வாகத்துக்கு வாய் வராது என்று பேசிக்கொண்டே போனான். அவன் பூட்ஸிலிருந்து பனி உருகி, அவள் அப்போதுதான் துடைத்திருந்த தரையில் தேங்கியது. அவனை வெளியே அனுப்புவதற்காகவே கையெழுத்துப் போட்டாள்.

அதோடு மறந்தும் போயிருப்பாள். ஆனால் அடுத்த இலையுதிர் காலத்தில், மாதிரிகளை வைக்கும் குளிர் அறையின் கதவை வாளியால் தள்ளித் திறந்தபோது, உள்ளே பேராசிரியர் ப்ரூஸ்டர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால், அலமாரிக்கும் அவருக்கும் நடுவில், துவெட். கடல் கடந்து ஹுவே நகரத்திலிருந்து வந்தவள், ப்ரூஸ்டரின் மாணவி. அவர் கை அவள் பின்கழுத்தில் இருந்தது, சொந்த வீட்டு நாற்காலியின் முதுகில் வைத்த மாதிரி. லோர்னா வாளியை வேண்டுமென்றே கீழே போட்டாள். ப்ரூஸ்டர் கையை எடுத்தார், ஆனால் அவசரப்படவில்லை. "பாத்துப் போம்மா, வழுக்கும்" என்று லோர்னாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இது எவ்வளவு நாளாக நடக்கிறது என்று லோர்னா கேட்டாள். துவெட் சிந்திய சாணியை அள்ள உதவிக்கொண்டே, வந்த மறு வருடத்திலிருந்து என்றாள். புகார் பிரிவுக்குப் போயிருக்கிறாள். அவரிடம் பேசுகிறோம் என்றார்கள். பேசினார்கள் போலிருக்கிறது, ஏனென்றால் அதன்பின் அவள் எழுதிய கட்டுரை ஒன்றில், முதலில் இருக்க வேண்டிய அவள் பெயர் பின்னுக்குப் போனது. அந்த ஆய்வகத்தை விட்டால் சம்பளம் போகும். சம்பளம் போனால் சேர்க்கை போகும், அதோடு விசாவும் போகும். எல்லாம் ஒரே ஆணியில் தொங்கின. அந்த ஆணி ப்ரூஸ்டரின் கையில் இருந்தது.

லோர்னா அன்று சாயங்காலமே டெக்லனைத் தேடிப் போனாள். ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு யூனியன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். இப்படித்தான் அவள் அந்த மேஜைக்கு வந்தாள். யூனியன் கொடுத்த வரைவில் ஒன்பதாவது ஷரத்தை அவளே உட்கார்ந்து எழுதினாள். புகார் கொடுத்தவரை அதே சம்பளத்தோடு வேறு ஆய்வகத்துக்கு மாற்ற வேண்டும். புகாரை விசாரிக்க வெளியாள் ஒருவர் வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

நிர்வாகத்தின் பக்கம் பேசுவதற்கு நகரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். வெண்டெல் கிராஃப். ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். ஒவ்வொருவர் பெயரையும் நினைவில் வைத்து, தேர்வு முடிந்ததா, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, யூனியன் கேட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். "உங்க உணர்வுகளை நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்பார். அந்த மேஜையின் நடுவில் எப்போதும் ஒரு பழத்தட்டு இருக்கும், நிர்வாகத்தின் செலவில். திராட்சையைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே அவர் ஒன்பதாவது ஷரத்தைப் பற்றிப் பேசுவார். இதற்கெல்லாம் ஏற்கெனவே விதிமுறை இருக்கிறதே, இரண்டாவதாக ஒன்று எதற்கு என்பார். மாதக்கணக்கில் இதே பதில். லோர்னா வீட்டுக்குப் போனதும் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள்.

குளிர்காலம் முற்றிய சமயத்தில் டெக்லன் அந்த யோசனையைச் சொன்னான். காகிதத்தில் இருந்தால் இவர்கள் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள், நேரில் ஒருத்தி வந்து சொன்னால் எப்படி அடிப்பார்கள் என்றான். துவெட்டை அழைத்து வரும் பொறுப்பு லோர்னாவின் தலையில் விழுந்தது.

துவெட் முதலில் முடியாது என்றாள். இரண்டாவது தடவையும் முடியாது என்றாள். லோர்னா விடவில்லை. உன் பெயர் வெளியே போகாது, அவர் பெயரையும் நீ சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் சொல், உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக என்றெல்லாம் பேசினாள். தன் வாயில் டெக்லனின் சொற்கள் வருவது அவளுக்கே கேட்டது. கடைசியில் துவெட் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"பேசி முடிச்சதும் யாரும் கை தட்டக் கூடாது. யாரும் என்னைக் கட்டிப் பிடிக்கவும் கூடாது."

அவள் பேசியது கொஞ்ச நேரம்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குளிர் அறை, நுண்ணோக்கி, மாநாட்டுக்குப் போன ஊரில் விடுதி நடைவழி என்று இடங்களை வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. கிராஃப் தலையை அசைத்து அசைத்துக் கேட்டார். முடிந்ததும், "உங்க தைரியத்துக்கு நன்றி. இதை நாங்க எங்க ஆளுங்க கிட்ட கொண்டு போறோம்" என்றார். சொல்லிவிட்டு, அவளை நோக்கிப் பழத்தட்டைத் தள்ளினார்.

துவெட் அந்தத் தட்டைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

அடுத்த அமர்விலேயே பதில் வந்தது. சம்பள உயர்வை யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஏற்றியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: ஒன்பதாவது ஷரத்தை யூனியன் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்துதான், தனித்தனியாக இல்லை என்று கிராஃப் மென்மையாகச் சொன்னார். நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று எழுந்து, அவர்களுக்குக் கதவைக் கூடத் திறந்து பிடித்தார்.

பக்கத்து அறையில் ஆறிப்போன பீட்சாவின் எண்ணெய் வாடை. அந்த உயர்வின் அளவைக் கேட்ட கணத்தில் லோர்னாவின் மனசும் ஒரு துள்ளு துள்ளியது. அதை அவள் மறைக்க நினைத்ததில்லை. பல் வலிக்கு மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டு வந்தவள் அவள். மற்றவர்களின் முகங்களும் மலர்ந்திருந்தன. டெக்லன் ஒரு துண்டை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அந்தப் பொண்ணு பேசினது நல்லா வேலை செஞ்சிருக்கு. பயந்துட்டானுங்க."

"அவ பேசினது ஒன்பதாவதுக்காக."

"தெரியும் லோர்னா. ஆனா அது இல்லாம இந்த உயர்வு வந்திருக்குமா, சொல்லு."

"அப்ப அவளை வித்துட்டோம்னு சொல்லு. நேரா சொல்லிடு."

அவன் துண்டைக் கீழே வைத்தான். பொறுமையாக விளக்கினான். பேரம் என்றால் இதுதான், ஒன்றை விட்டால்தான் ஒன்று வரும், ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிற விஷயத்தை ஒருத்திக்காக நிறுத்த முடியாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சொல்லும் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் லோர்னா தன் துண்டைத் தொடாமல் தள்ளி வைத்தாள். அவன் கன்னத்தில் தக்காளிச் சாறு ஒட்டியிருந்தது. பேச்சு முடியும்வரை அவன் அதைத் துடைக்கவே இல்லை. கை தூக்கச் சொன்னபோது குழுவில் அவளைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். இனி உறுப்பினர்கள் எல்லாரும் கூடி ஓட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி.

துவெட்டிடம் சொல்ல வேண்டியதும் அவள்தான். வேறு யாரும் போக முன்வரவில்லை. துவெட் மூன்று பேரோடு பகிர்ந்துகொண்ட வீட்டின் சமையலறையில் எலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. லோர்னா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், என்னைத் திட்டு என்றாள்.

துவெட் திட்டவில்லை. நுரையைக் கரண்டியால் வழித்துத் தொட்டியில் ஊற்றினாள்.

"அந்தத் தட்டைத் தள்ளினாரே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். அடுப்பைத் தணித்துவிட்டு, "நான் ஆமான்னுதான் ஓட்டுப் போடப் போறேன், லோர்னா."

"எப்படி உன்னால முடியுது?"

"அந்த உயர்வு வந்தா எனக்குன்னு தனியா ஒரு ரூம் எடுத்துக்கலாம். உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கற ரூம். அந்த ஆளுங்க முன்னாடி நான் வாயத் திறந்து சொன்னதுக்கு ஏதாவது ஒண்ணாவது கிடைக்கணும். அதையும் தூக்கி எறியச் சொல்றியா?"

நின்றிருந்த லோர்னா மேஜையருகே உட்கார்ந்தாள்.

"ஆனா நீ எதிர்த்துப் பேசு. என் பேரைச் சொல்லாத. ஆனா பேசு" என்று சொல்லிவிட்டு துவெட் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவள் முன் வைத்தாள். உப்பு அதிகமாக இருந்தது. லோர்னா மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கூட்டம் வேதியியல் கட்டடத்தின் பெரிய வகுப்பறையில் நடந்தது. படிக்கட்டுகளில் கூட ஆட்கள். லோர்னா மேடைப் பேச்சுக்குப் பழகாதவள். ஒன்பதாவது ஷரத்து எதற்காக எழுதப்பட்டது, எதற்காக விற்கப்பட்டது என்று சொன்னாள். விற்கப்பட்டது என்ற சொல்லுக்குப் பின்வரிசையிலிருந்து கேலிச் சத்தம் வந்தது. கணிதத் துறைக்காரன் ஒருவன் எழுந்து, "உணர்ச்சிவசப்படறதுக்கு இது நேரமில்ல, என் வீட்டு வாடகையை உணர்ச்சியால கட்ட முடியாது" என்றான். சிரித்தார்கள், கை தட்டினார்கள். தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. முன்வரிசையில் டெக்லனைத் தூக்கிக்கொண்டார்கள். ஓரத்தில் துவெட் தன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் அவள் கேட்டிருந்தாள்.

மறுநாள் காலை நடைவழியில் ப்ரூஸ்டர் எதிரே வந்தார். கையில் காப்பி.

"நல்ல ஒப்பந்தம் போட்டிருக்கீங்களாமே. பிரமாதம். நீங்கள்லாம் இதைவிட ஜாஸ்திக்கே தகுதியானவங்க, கண்ணு" என்று சொல்லி லோர்னாவின் தோளில் தட்டினார்.

அவள் அந்தச் சட்டையை மறுபடி போடவில்லை. துவைத்துப் பார்த்தாள், பிறகு குப்பையில் போட்டாள். பசுவின் ரத்தமும் சாணியும் பட்ட சட்டைகளை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டவள்.

துவெட்டுக்கு வேறு இடம் தேடும் வேலையை ஷரத்து இல்லாமலே அவள் தொடங்கினாள். முதலில் தன்னுடைய பேராசிரியை திருமதி ஓல்சனிடம் போனாள். நல்ல மனுஷி என்று நம்பியிருந்தாள். ஓல்சன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ப்ரூஸ்டரைப் பற்றி இதெல்லாம் தனக்கு ரொம்ப காலமாகவே தெரியும், ஆனால் மானியக் குழுவில் அவர் பக்கத்தில்தான் தான் உட்கார வேண்டியிருக்கிறது என்றார். "புரிஞ்சுக்கோ லோர்னா." லோர்னாவுக்கு நன்றாகவே புரிந்தது. கிராஃபாவது சம்பளம் வாங்கிக்கொண்டு மறுத்தார். இவரோ இரக்கத்தோடு மறுத்தார். எது அதிகம் நாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பயிர் நோய்த் துறையில் யாரோடும் ஒட்டாத ஒரு கிழவர், எதுவும் கேட்காமல், பாத்திரம் கழுவத் தெரியுமா என்று மட்டும் விசாரித்துத் துவெட்டை எடுத்துக்கொண்டார். அவளுடைய பழைய ஆய்வு முடிவுகள் ப்ரூஸ்டரின் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டன. முதலிலிருந்து தொடங்கினாள். ப்ரூஸ்டருக்கு அந்தக் கோடையில் சிறந்த வழிகாட்டி என்று ஒரு விருது கிடைத்தது. டெக்லன் மாநிலத் தலைநகரில் யூனியன் வேலைக்குப் போனான். போகுமுன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று லோர்னாவிடம் வந்து கை நீட்டினான். நான் மனசில்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவனுக்குக் கை கொடுத்தாள்.

ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் அவள் பட்டம் வாங்கியிருக்கலாம். ஓல்சன் அதைத்தான் சொன்னார். அடுத்த பேச்சுவார்த்தையில் உட்காருவதற்காக லோர்னா பட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். துறை துறையாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். இனிமையாகப் பேசத் தெரியாதவளை எப்படியோ தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய குழுவினர் மேஜையில் முதலில் வைத்தது சம்பளத்தை அல்ல, அந்தப் பழைய ஷரத்தை. இது முடியாமல் வேறு எதையும் பேசுவதில்லை, இதற்காக யாரையும் சாட்சி சொல்லக் கூட்டி வருவதுமில்லை என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது.

கிராஃப் அதே புன்னகையோடு வந்தார். அவள் அப்பாவின் மாடுகளை விசாரித்தார்.

"இதுல ஏதாவது குறிப்பிட்ட உதாரணம் இருந்தா எங்களுக்குப் புரிஞ்சுக்க வசதியா இருக்கும்" என்றார்.

"உதாரணம் கிடையாது."

"ஒண்ணு கூடவா?"

"உங்களுக்குத் தரமாட்டோம். எழுதியிருக்கறதைப் படிங்க."

அவர் படித்தார், அடித்தார், திருப்பித் தந்தார். வசந்த காலத்தில் யூனியன்காரர்கள் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வராத பெற்றோர்கள் நிர்வாகத்துக்கு போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் ஷரத்தில் பாதி கிடைத்தது. அதே சம்பளத்தோடு வேறு ஆய்வகம் என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். வெளியாள் விசாரணைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ப்ரூஸ்டர் அதற்கு முந்தின மாதமே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருந்தார். சம்பள உயர்வு இந்த முறை சொற்பம், அதற்காக லோர்னாவைத் திட்டினவர்களும் உண்டு.

துவெட்டுக்கு போன் செய்து சொன்னாள். துவெட் நல்லது என்றாள். பிறகு, முதலில் யார் அதைப் பயன்படுத்துவார்கள் என்று கேட்டாள்.

லோர்னாவுக்குத் தெரியும். கையெழுத்தான மறுநாளே இசைத் துறையிலிருந்து ஒரு பெண் அவளைத் தேடி வந்திருந்தாள். துறை வேறு, பேராசிரியர் வேறு. கதையை அந்தப் பெண் சொல்லத் தொடங்கியதும் லோர்னா கையைக் காட்டி நிறுத்தி, எதையும் சொல்ல வேண்டியதில்லை, எந்த ஆய்வகம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். இசைத் துறையில் ஆய்வகம் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இருவரும் துறை அலுவலகத்துக்கு நடந்தார்கள். ஷரத்தில் ஆய்வகம் என்றுதான் எழுதியிருக்கிறது, அது தங்கள் துறைக்குப் பொருந்துமா என்று நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாக அங்கே இருந்தவர் சொன்னார். லோர்னா வரவேற்பறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் காத்திருக்கிறோம், இப்போதே கேளுங்கள் என்றாள்.